பூட்டு உடையவில்லை

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் விமல்ராஜ். பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பேச்சுவாக்கில் விட்டுப்போனால் தப்பாகிவிடும். சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேரும் ஜெராக்ஸும் வைத்திருக்கிறான். நீங்கள் ராஜபாளையம் என்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கண்டபடி பேசியவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் இரண்டாவதுதான். முதல் ஆள் விமல்ராஜ்.

அந்த பஸ் ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். காற்றில் நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது.

என் பேர் திருமலைக்கொழுந்து. கல்யாணத் தரகு. ஏழாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் ஏழாவது பாதி. ஆனால் கடையநல்லூரிலிருந்து கழுகுமலை வரைக்கும் என் பேர் சொன்னால் தெரியும். எத்தனை வீட்டில் நான் கட்டிவைத்த ஜோடி இருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்கே கணக்கில்லை. அதில் சண்டை போட்டுப் பிரிந்தவர்களும் உண்டு. அதற்கு நான் என்ன செய்ய?

இந்தத் தொழிலில் ஜாதகம் பெரிய விஷயம் இல்லை. ஜாதகத்தை எவன் பார்த்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஜாதகத்தோடு கூட வருகிறதே சில விஷயங்கள், அதுதான் தொழில். பையனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி மூன்றே மாதத்தில் முறிந்திருக்கும். பெண்ணுக்கு ஒரு மருந்து மாத்திரை இருக்கும். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கும். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிடுவார்கள். சொல்லித்தானே ஆகவேண்டும்? தெரிந்தால்தானே எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

முன்னே எல்லாம் மனசில் வைத்திருந்தேன். வயதாக ஆக ஒன்று இன்னொன்றோடு கலக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பெங்களூரில் இருக்கிற என் தம்பி மகன் சுதர்சன், பொங்கலுக்கு வந்தவன், ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, அதில் ஒரு பூட்டும் போட்டுக் கொடுத்தான். சாப்ட்வேர் பூட்டு. ஹார்டு டிஸ்க் மொத்தத்தையும் பூட்டிவிடும். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். போடாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் குப்பை மாதிரித் தெரியுமாம். "பெரியப்பா, சர்க்காரே வந்தாலும் திறக்க முடியாது. பாஸ்வேர்டை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீய" என்றான். நான் சொல்வேனா? என் பெண்டாட்டிக்கே தெரியாது. உங்களிடமும் சொல்லமாட்டேன். எங்கள் குலசாமி பேரும் எங்கள் கல்யாண வருஷமும் சேர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அந்தப் பூட்டால் எனக்கு வந்த மரியாதை கொஞ்சம் இல்லை. மற்ற தரகர்கள் செல்போனில் போட்டோவைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள், ஒரு பெண்ணைக் காட்டும்போது அடுத்த பெண்ணும் வந்து நிற்கும். என்னிடம் அது கிடையாது. "கொழுந்து அண்ணாச்சிகிட்ட சொன்னா கிணத்துல கல்லப் போட்ட மாதிரி" என்று பெரிய பெரிய வீட்டிலிருந்து தேடி வந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் போன மார்கழியில் கம்ப்யூட்டர் இரைச்சல் போடுகிறது என்று விமல்ராஜ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே விசிறியைத் துடைத்தான். பூட்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கடையில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் நிற்கிறது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்கிறான்.

"அண்ணாச்சி, இந்தப் பூட்டை இன்னுமா வச்சிருக்கீய? இதைச் செஞ்சவங்க நிறுத்திட்டுப் போய் வருசக்கணக்காச்சே. இது பாதுகாப்பு இல்லைன்னு அவங்களே சொல்லிட்டுத்தான் போனாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள். நடுக்கடையில்.

"ஏன் நிறுத்தினான்?" என்றேன்.

"அது யாருக்கும் சரியாத் தெரியலை."

"உடைச்சுட்டானா எவனும்?"

"அப்படியும் தெரியலை. அதுக்கப்புறம் படிச்சவங்க பிரிச்சு மேஞ்சு பாத்திருக்காங்க, பெரிய ஓட்டை ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா..."

"அப்புறம் என்னவே ஆனா?"

"நாளைக்கு எவனாவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சா அடைக்க ஆள் கிடையாது அண்ணாச்சி. புதுக் கம்ப்யூட்டர்ல இது ஒழுங்கா ஏறாது. இதே வழியில வந்த புதுப் பூட்டு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஆள் இருக்காங்க, அப்பப்ப சரி பண்ணுதாங்க. நீங்களே பாஸ்வேர்டைப் போட்டுத் திறங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். மாத்தித்தாரேன்."

நான் கேட்டேன்: "என் வீட்டு வாசல்ல தொங்குறது திண்டுக்கல் பூட்டு. எங்க அப்பா வாங்குனது. அதைச் செஞ்ச ஆசாரி இன்னைக்கு உயிரோட இருக்க மாட்டாரு. அவரு செத்த அன்னைக்கு என் வீட்டுப் பூட்டு தானாத் திறந்துக்கிட்டுதா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விமல்ராஜும் சிரித்தான். சிரித்துவிட்டு, "உங்க வாசலுக்கு நம்ம ஊர்த் திருடன் மட்டும்தான் வருவான் அண்ணாச்சி. இதுக்கு உலகத்துத் திருடன் எல்லாம் வருவான்" என்றான். பதில் இல்லாதவன் சொல்கிற பதில். நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்துவிட்டேன், ஆனால் அவன் சொன்ன வார்த்தை கடையிலேயே நிற்குமா? ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களோடு ஊரெல்லாம் போய்விட்டது. "கொழுந்து அண்ணாச்சி பூட்டு பழசாமே." "கம்பெனிக்காரனே வேண்டாம்னுட்டானாமே." அதிலிருந்து எங்கே போனாலும் எனக்கு இதே வேலை. பூட்டு நல்ல பூட்டு, பூட்டு நல்ல பூட்டு என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

இப்போது செண்பகவல்லி விஷயத்துக்கு வருகிறேன். அவள் பேரை நான் யாரிடமும் சொல்வதில்லை. நீங்கள் வெளியூர், அதனால் சொல்கிறேன். விசைத்தறி வைத்திருக்கிற ஆவுடைநாயகத்தின் மகள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். தங்கமான பெண். ஒரே ஒரு குறை. குறை என்றுகூடச் சொல்லக்கூடாது, சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. காலேஜ் முடிக்கிறவரைக்கும் மாத்திரை. அப்புறம் ஒன்றும் இல்லை. தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று பாளையங்கோட்டை டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆவுடைநாயகம் அந்தச் சீட்டை எல்லாம் என்னிடம் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பையன் வீட்டுல நல்ல மனுசங்களாப் பாத்து, அவ வாயாலயே அந்தப் பையன்கிட்ட சொல்லணும்னு இருக்கா. அது வரைக்கும் இது உமக்குள்ள இருக்கட்டும் வே." எல்லாவற்றையும் பூட்டில் போட்டேன்.

தை மாதம் கடையநல்லூரில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம். பையன் கூட்டுறவு பாங்கில் இருக்கிறான். பார்த்தார்கள், பிடித்தது. பையனுக்கு ஒரு தாய்மாமன், பூலுடையார் என்று பேர், அவர் சொன்னால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும். அவர் என்னைக் கடையநல்லூர் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வடை வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்கிறார்.

"உம்ம பூட்டு ஓட்டைப் பூட்டுன்னு பேசிக்கிடுதாங்களே அண்ணாச்சி? எங்க வீட்டு விசயமும் உம்மகிட்ட இருக்கு. நாளைக்கு வெளிய போனா?"

பாருங்கள், விமல்ராஜ் வைத்த தீ எங்கே வந்து எரிகிறது என்று! எனக்கு வந்ததே கோபம்.

"என்ன வே சொல்லுதீரு? நீரு பாத்த அந்தப் பொண்ணோட டாக்டர் சீட்டு அத்தனையும் அந்தப் பூட்டுக்குள்ளதான் இருக்கு. ஊருல ஒரு ஆளுக்குத் தெரியுமா? உமக்குத் தெரியுமா? தெரியாதுல்லா? அதுதான் வே பூட்டு!"

மனிதர் அசந்துபோனார். டீயைக் குடிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். "என்ன டாக்டரு?" என்றார். "நரம்பு டாக்டரு" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். வலிப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் கற்பூரம் அணைக்கிறேன், அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. "பாளையங்கோட்டையா?" என்று கேட்டார். "அங்கதான பெரிய டாக்டருங்க இருக்காங்க" என்றேன். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பூட்டின் மகிமையை ஒரு ஆளுக்காவது புரியவைத்தோம் என்று நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

மாசி பிறந்ததும் கடையநல்லூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. எப்படி என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதோடு விட்டார்களா? "வலிப்புக்காரியை எங்க தலையில கட்டப் பாத்தாங்க" என்று சொந்தத்தில் எல்லாம் சொல்லிவைத்துவிட்டார்கள். அவள் தன் வாயால் சொல்லவேண்டும் என்று இருந்ததை ஊர் சொல்லிவிட்டது. லேபில் ரத்தம் எடுக்க வந்த ஒரு கிழவி, "உனக்குக் கை நடுங்காதா தாயி?" என்று கேட்டதாம். அந்தப் பெண்ணுக்கு இந்த அநியாயத்தைச் செய்தவன் எவனாக இருந்தாலும் நல்லா இருக்கமாட்டான்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கொழுந்து அண்ணாச்சி பூட்டை உடைச்சு எடுத்துட்டாங்க. விமல்ராஜ் அப்பவே சொன்னான்." அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாக வந்து ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டார்கள். "அதுல இருந்து அழிச்சிருங்க, எங்க முன்னாலயே அழிங்க" என்றார்கள். அழித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் நான் நுழைந்ததும் நாலு பொம்பளைகள் பேச்சை நிறுத்தினார்கள். நான் சேர்த்துவைத்த ஜோடியின் மண்டபம் அது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பங்குனியில் நேராக விமல்ராஜ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரை அவன் மேஜையில் வைத்தேன். "உடை" என்றேன். "எவனை வேணும்னாலும் கூட்டிட்டு வா. ஒரு வாரம் வச்சுக்க. உடைச்சுட்டா நான் தரகையே விட்டுருதேன். உடையலைன்னா நீ ஊருக்கு முன்னால சொல்லணும்."

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்? விட்டுருங்க. பழசாச்சேன்னுதான் நான் சொன்னேன், உடைஞ்சுபோச்சுன்னு நான் சொல்லவே இல்லியே" என்று கெஞ்சினான். பயம். நான் விடவில்லை.

பாளையங்கோட்டை இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஆக்னஸ் மேடம் என்று ஒருத்தரை வரவழைத்தான். பூட்டுச் சாஸ்திரமே படித்தவராம். பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார், ஒரு வாரம் கழித்து வந்தார். அன்றைக்கு ஆவுடைநாயகத்தையும் நான்தான் வரச்சொன்னேன். செண்பகவல்லியும் கூட வந்தாள். எல்லார் முன்னாலும் கேட்டேன்: "மேடம், உடைஞ்சுதா?"

"உடையல. வேற யாரும் உடைச்சு எடுத்ததா எனக்குத் தெரியவும் இல்ல. உங்க பாஸ்வேர்டு நீளமா இருக்கும்போல, நல்லாவே தாங்குது" என்றார். "ஆனா ஐயா, பூட்டி இருக்கிற வரைக்கும்தான் பூட்டு. நீங்க திறந்து வச்சிருக்கிற நேரத்துல அது ஒண்ணும் செய்யாது. அதோட, கவனிக்க ஆள் இல்லாத சாப்ட்வேர், புதுசுக்கு மாத்திக்கிறதுதான் நல்லது." பின்னால் சொன்னது படித்தவர்கள் வழக்கமாகச் சொல்வது. முன்னால் சொன்னதுதான் தீர்ப்பு.

நான் விமல்ராஜைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ஆவுடைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது செண்பகவல்லிதான் கேட்டாள்.

"அப்ப கம்ப்யூட்டர்ல இருந்து போகலை. வேற எங்க இருந்து பெரியப்பா போச்சு?"

"அதைத்தான் தாயி நானும் கேக்கேன்! கண்டுபிடிக்கணும். விடக்கூடாது" என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஜெராக்ஸ் மிஷின்கூட நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

செண்பகவல்லி சிரித்தாள். மனசு எவ்வளவு பெரிது பாருங்கள், அந்த நிலையிலும் சிரிக்கிறாள். "என் ஜாதகத்தை எடுத்துருங்க பெரியப்பா" என்றாள். "ஏன் தாயி, இப்பத்தான மேடமே சொன்னாங்க?" என்றேன். "பூட்டு மேல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றாள். கேட்டீர்களா? சந்தேகமே இல்லை! பாதிக்கப்பட்டவளே சொல்லிவிட்டாள். அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போனதும் விமல்ராஜிடம் கேட்டேன். "சொல்லுவே. அன்னைக்கு எந்த இடத்துல நின்னு சொன்னியோ அதே இடத்துல நின்னு, பூட்டு உடையலைன்னு சொல்லு. ஊரைக் கூப்பிட்டுச் சொல்லு."

அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அண்ணாச்சி, சொல்லுறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுதேன். பூட்டு உடையலைன்னு ஆயிருச்சுன்னா, ஊரு அடுத்தாப்புல என்ன கேக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாத்தீயளா? பூட்டு மேலயே பழி கிடந்துட்டுப் போகட்டும். அது வாயில்லாத சாமான். உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

என் நல்லதுக்காம்! கெடுத்தவன் பேசுகிற பேச்சா இது? ஊர் என்ன கேட்கும்? கேட்கட்டுமே. நன்றாகக் கேட்கட்டும். எனக்கு என்ன பயம்?

அதனால்தான் இப்போது திருநெல்வேலிக்குப் போகிறேன். ஆடித்தபசுத் திருவிழா வருகிறது. எங்கள் ஊருக்கு வராத ஊர்க்காரன் கிடையாது, கடையநல்லூர்க்காரனும் வருவான். அதற்குள் நாலு ரத வீதியிலும் போஸ்டர் ஒட்டிவிட வேண்டும். எங்கள் ஊர் பிரஸ்காரன் முடியாது என்றுவிட்டான். விமல்ராஜ் சொல்லிவைத்திருப்பான். திருநெல்வேலியில் எவன் சொல்லியும் கேட்கமாட்டான்.

வாசகம் மனசிலேயே இருக்கிறது, கேளுங்கள். மேலே பெரிய எழுத்தில், "பூட்டு உடையவில்லை." அதற்குக் கீழே ஆக்னஸ் மேடம் தீர்ப்பு, முதல் பாதி மட்டும். அதற்குக் கீழே, "பூட்டு மேல் எனக்குச் சந்தேகமே இல்லை: ஆவுடைநாயகம் மகள் செண்பகவல்லி." ஒரு பக்கம் என் போட்டோ. இன்னொரு பக்கம் அந்தப் பெண் போட்டோ. போட்டோ என்னிடமே இருக்கிறது. அவள் எடுத்துவிடச் சொன்னாள், நானும் எடுத்துவிட்டேன். இதோ, பையில் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். என்ன விவகாரம் என்று புரியாதவர்களுக்காக, நடந்ததை நாலு வரியில் போட்டுவிடலாம் என்றும் இருக்கிறேன்.

என்ன? அவள் பேர் வேண்டாமா? போட்டோவும் வேண்டாமா?

நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது, நான் யாரென்று உங்களுக்கும் தெரியாது, ஆனாலும் விமல்ராஜ் பேசுகிற மாதிரியே பேசுகிறீர்கள். அவனும் நேற்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான். "அந்தப் பிள்ளையை விட்டுருங்க அண்ணாச்சி, உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்" என்றான். ரோட்டில் நின்று அழாத குறை. நான் கேட்டது அதுவா? எனக்கு எவனும் காலில் விழ வேண்டாம். "பூட்டு உடையலை, நான் சொன்னது தப்பு." இந்த ஒரு வார்த்தை. அதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறான்.

மானூர் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரம்தான். என் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். இல்லை, நீங்கள் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், கொடுங்கள். கொடுங்கள் என்கிறேனே. நல்ல ஆளய்யா நீர்.

போஸ்டர் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், ஊர் என்னிடம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், விமல்ராஜ் எனக்கு அந்த ஒரு வார்த்தை பாக்கி. அதை வாங்காமல் நான் விடப்போவதில்லை.